ஆம்ப் பெட்டிக்குள் நான்கு உறைகள்

வீட்டில் அவன் தம்பி, மேடையில் கம்பி. இரண்டாவது பெயர் வந்ததற்குக் காரணம், கிட்டார் பையில் எப்போதும் ஆறு செட் மாற்றுக் கம்பிகளோடு அலைவதுதான். ஆறு செட்டும் ஒரே மாலையில் அறுந்துபோகிற அளவுக்கு உலகத்தில் யாரும் கிட்டார் வாசித்ததில்லை. இருந்தாலும் அவனுக்கு ஆறு வேண்டும். அச்சகத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து அவன் கிளம்பும்போது, "என்ன, கம்பி எண்ணப் போறியா?" என்று கேட்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதே கிண்டல். இருபத்திரண்டு வருஷமாக அவனும் சிரித்துக்கொண்டுதான் போனான். அவ்வளவு சாது.

ஆனால் இது அவனைப் பற்றிய கதை இல்லை, அவனுடைய அண்ணியைப் பற்றியது. ஐம்பத்தொரு வயதில் கம்பி இன்னும் சனிக்கிழமைதோறும் மேடையில் உட்கார்ந்திருக்கிறான் என்றால் அது அண்ணியால்தான். கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் பிடித்து நிறுத்திச் சொல்வான்.

அண்ணி ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவர். கண்ணாடிக் குழாய்க்குள் ஆரஞ்சு நிறத்தில் கனலுமே, அந்த வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர். அண்ணனைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பே, இருபது வயதில், சினிமாத் தியேட்டர்களின் ஒலிக்கருவிகளைச் செப்பனிடும் ஒரு பட்டறையில் சேர்ந்தார். ஒன்பது ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். முதல் வாரம் டீ போடச் சொன்னார்கள். போட்டார். அதைக் குடித்தபிறகு ஒருத்தரும் அவரை மறுபடி டீ போடச் சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டால் இன்றுவரை பதில் இல்லை. வீட்டிலும் அண்ணன்தான் டீ போடுகிறார்.

இருபத்தாறு வருஷம் அந்தப் பட்டறையில் ஓட்டினார். அங்கே பிடித்துக்கொண்ட இரண்டு பழக்கங்களை அவர் விட்டதே இல்லை. ஒன்று, மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் கை வைக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வது. இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கிவிடும். இருபத்திரண்டு வயதில் ஒரு தடவை அதை மறந்துபோய், எதிர்ச்சுவரில் போய் விழுந்து எழுந்தார். பிறகு மறக்கவில்லை.

இன்னொன்று உறை. ஒரு தியேட்டரின் ஆம்ப்பிலிருந்து எவனோ ஒரு புண்ணியவான் ஏதோ பாகத்தைக் கழற்றிவிட்டு, அங்கே என்ன இருந்தது என்று எழுதி வைக்காமல் போய்விட்டான். பன்னிரண்டு நாள் அந்தத் தியேட்டரில் படம் ஓடவில்லை. அன்று முதல் அண்ணி எந்தப் பெட்டியில் எதைக் கழற்றினாலும் தூக்கிப் போடுவதில்லை. ஒரு சின்னக் காகித உறைக்குள் போட்டு, மேலே தேதி எழுதுவார். அடுத்து 'புகார்' என்று எழுதி, அதற்கு நேரே வாடிக்கையாளர் சொன்னதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுவார். பிறகு அந்த உறையைப் பெட்டியின் உள்சுவரிலேயே ஒட்டிவிடுவார். 'புகார்: சனியன் கத்துது' என்று எழுதிய உறையோடு ஒரு பெட்டி இன்றைக்கும் எங்கேயோ பாடிக்கொண்டிருக்கிறது.

பட்டறை வேறு ஊருக்கு மாறியபோது அண்ணி கூடப் போகவில்லை. வீட்டு முன்னறையில் ஒரு நீள மேசையைப் போட்டார். கிட்டார்காரர்கள் வாசலில் வரிசை கட்டினார்கள். "வால்வுல வர்ற சத்தம் வேற எதுலயும் வராதுன்னு சொல்றாங்க. வருதோ வரலையோ, எனக்கு வேலை வருது" என்பார். அண்ணிக்குப் பேச்சு எப்போதுமே வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

கம்பியின் ஆம்ப் சின்னது. மூன்று வால்வு, ஒரு ஸ்பீக்கர், முன்னால் ஒரே ஒரு குமிழ். திருகினால் சத்தம் கூடும், திருப்பினால் குறையும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஆற்றோரச் சாலையில் இருக்கும் நடனக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வாசித்து வந்தான். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சனிக்கிழமை மாலை ஜோடியாக வந்து ஆடிவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் முழங்காலைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போகிற இடம். மேடையில் நாலு பேர். ஒரு பாடகி, டிரம்ஸ் வாசிப்பவர், பேஸ் கிட்டார்காரர், கம்பி. வாரம் ஆறு நாள் அச்சு இயந்திரத்தின் காலடியில் நின்று மை பூசிய கைக்கு, அந்த மூன்று மணி நேரம்தான் சம்பளம் தராத சம்பளம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணியிடம் போனான். "மந்தமா இருக்கு அண்ணி. முன்ன மாதிரி கணீர்னு இல்ல."

அண்ணி வால்வுகளைச் சோதித்தார். நன்றாகத்தான் இருந்தன. இருந்தாலும் தம்பி சொல்கிறானே. குமிழுக்குக் குறுக்கே ஒரு குட்டிக் கேபாசிட்டரைப் பற்றவைத்தார். கூர்மையான ஒலிகள் மட்டும் அதன் வழியாகத் தப்பித்து முன்னால் போய்விடும். கம்பி வாசித்துப் பார்த்தான். முகம் மலர்ந்தது. உறையில் 'மந்தமா இருக்கு' என்று எழுதி ஒட்டினார். அப்போது கழற்றியது ஒரு துண்டுக் கம்பிதான், அதுவும் உறைக்குள் போனது.

அடுத்த வருஷம் மறுபடி வந்தான். "கம்பளியைப் போர்த்தின மாதிரி இருக்கு." அண்ணி, ஒலியைப் பெருக்கும் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருந்த கேபாசிட்டரைக் கழற்றிவிட்டு, கீழ் ஒலிகளை வடிகட்டிவிடும் சின்னதாக ஒன்றை வைத்தார். இரண்டாவது உறை. அதற்கடுத்த வருஷம், "கம்பியை மீட்டுற மாதிரி இல்ல, கதவைத் தட்டுற மாதிரி இருக்கு" என்றான். அண்ணி முதல் வால்வின் காலடியில் கை வைத்து, மேல் ஒலியை மட்டும் கூடுதலாகப் பெருக்கித் தரும்படி மாற்றினார். மூன்றாவது உறை. அண்ணியின் கொள்கை ஒன்று உண்டு: வாசிக்கிறவன் காதுதான் மீட்டர். தன் மீட்டர் ஒன்று சொல்லி, வாசிக்கிறவன் வேறொன்று சொன்னால், அவன் சொல்வதையே எடுத்துக்கொள்வார். நல்ல கொள்கைதான், அந்தக் காது ஒழுங்காக இருக்கிறவரை.

நடனக்கூடத்துக்கு அண்ணி ஒருநாளும் வந்ததில்லை. கூட்டம் என்றால் அவருக்கு ஆகாது. வந்திருந்தால் முதல் வருஷமே விஷயம் தெரிந்திருக்கும். மேடையில் கம்பி உட்காருகிற பக்கத்து நாற்காலிகளில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வருவார்கள், உட்காருவார்கள், இரண்டாவது பாட்டிலேயே பையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடுவார்கள். மேடைக்கு அருகில் முதல் வரிசையில் ஒரு நாற்காலி வருஷக்கணக்கில் காலியாகவே கிடந்தது. அதில் யாரோ எதையோ கொட்டிவிட்டார்கள் போல என்று கம்பி நினைத்துக்கொண்டிருந்தான். பாவம்.

ஒரு சனிக்கிழமை இடைவேளையில் பாடகி அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள்தான் குழுவை நடத்துகிறவள்.

"கம்பி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

அப்படி ஆரம்பித்தால் கோபித்துக்கொள்கிற விஷயம்தான் வரும். வந்தது.

"உங்க கிட்டார் சத்தம் காதைக் கிழிக்குது. நான் ரெண்டு வருஷமா ஜாடைமாடையா சொல்லிப் பாத்துட்டேன், நீங்க இன்னும் கூட்டிட்டே போறீங்க. என் பாட்டு உங்க சத்தத்துல முங்கிப் போகுது. ஆடுறவங்களும் புகார் சொல்றாங்க. அடுத்த சனிக்கிழமையும் இப்படியே இருந்தா, நாங்க வேற ஆளைப் பாக்கணும். இருபத்திரண்டு வருஷம் கூட வாசிச்சவர்கிட்ட இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழல."

கம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்குப் புரியவே இல்லை. காதைக் கிழிக்கிறதா? இன்னும் கொஞ்சம் கணீரென்று இருந்தால் தேவலை என்றல்லவா அவன் நினைத்துக்கொண்டிருந்தான்? சரி, இவளுக்குத் தன் பாட்டுதான் கேட்க வேண்டும், அதுதான் விஷயம் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டான். சாது மனிதர்கள் உள்ளுக்குள் முடிவு கட்டினால் அது கான்கிரீட் மாதிரி இறுகிவிடும்.

திங்கட்கிழமை ஆம்ப்பை அண்ணியின் மேசையில் கொண்டுபோய் வைத்தான். "இதுல தனித்தனியா திருகு வேணும் அண்ணி. கெய்னுக்கு ஒண்ணு, டோனுக்கு ஒண்ணு. அவங்க கேக்குறப்போ குறைச்சுக் காட்டிட்டு, அப்புறம் எனக்கு வேண்டிய அளவுக்கு வச்சுக்கறேன்."

"குறைச்சுக் காட்டிட்டுன்னா? யாரு குறைக்கச் சொல்றாங்க?"

அவன் மழுப்பினான். அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாளைக்கு வா என்றார்.

செவ்வாய்க்கிழமை அச்சகத்தில் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அண்ணி முன்பக்கத் தகட்டில் இரண்டு புதுத் துளை போட்டு முடித்திருந்தார். முதல் கட்டத்துக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் நடுவில் கெய்ன் குமிழ். அதைக் கூட்டினால் வால்வு திணறி, ஒலி கரகரவென்று தடிக்கும். குறைத்தால் சுத்தமாக வரும். அதற்கு அடுத்து டோன் குமிழ். கூர்மையான ஒலியை அதில் வேண்டிய அளவு வெட்டிவிடலாம். பழைய குமிழைக் கடைசிக்கு நகர்த்தி, மொத்தச் சத்தத்துக்கு வைத்துவிட்டார். பற்றவைத்த இடங்களில் ஈயம் புத்தம்புதுசாக மின்னியது.

"டோன் எதுவரைக்கும் வெட்டுதுன்னு பாக்கணும். சும்மா இரு" என்று, கிட்டாருக்குப் பதிலாகச் சோதனைக் கருவியைச் செருகினார். ஒரே சுதியில் ஒரு விசில் மாதிரியான ஒலியை அனுப்பும் கருவி அது. அதன் எண் வட்டைத் திருகினால் சுதி ஏறும். இடது கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. வலது கை வட்டைத் திருகியது. முதலில் ஒரு சின்ன ஊளை, பிறகு கொஞ்சம் ஏறியது, இன்னும் ஏறியது, பிறகு நின்றுவிட்டது.

கம்பி காத்திருந்தான். அண்ணி டோன் குமிழை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டு, ஒலியைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப் திரையில் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று.

"இன்னும் ஆன் பண்ணலையா அண்ணி?" என்றான் கம்பி.

அண்ணி திரும்பிப் பார்த்தார். அதே நேரத்தில் சமையலறையிலிருந்து அண்ணன் கத்தினார்: "அந்த விசிலைக் கொஞ்சம் நிறுத்துங்கப்பா. பல்லு கூசுது."

அண்ணியின் கை குமிழிலேயே நின்றது. பிறகு சுதியை மெல்லக் கீழே இறக்கினார். ஓரிடத்தில் கம்பி தலையை நிமிர்த்தி, "ஆங், இப்ப வருது" என்றான். அண்ணி மறுபடி ஏற்றினார். அவன் தலை தாழ்ந்தது. இறக்கினார். நிமிர்ந்தது.

"தம்பி, அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. சத்தம் கேட்டா கையைத் தூக்கு."

"என்ன அண்ணி, ஸ்கூல் பையன் மாதிரி..."

"உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் அண்ணி பதினைந்து தடவை ஒலியை அனுப்பினார். ஏழு தடவைதான் கை தூக்கினான். அண்ணன் பதினைந்து தடவையும் சமையலறையில் முணுமுணுத்தார்.

"ஆம்ப்புல ஒண்ணும் இல்ல தம்பி" என்றார் அண்ணி. குரல் இறங்கியிருந்தது. "உனக்கு மேல் சத்தம் கேக்கல."

கம்பிக்குத் தூக்கி வாரிப்போட்டது. அடுத்த நொடியே முகம் சுண்டிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக வாசிக்கிறவனிடம், ஒரு கம்பி இம்மியளவு சுதி இறங்கினாலும் கண்டுபிடிக்கிறவனிடம், உனக்குக் காது கேட்கவில்லை என்றால்? "உங்க மெஷின்ல கோளாறா இருக்கும். இல்ல, அவங்க கட்சியில நீங்களும் சேந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஆம்ப்பை அங்கேயே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அண்ணியிடம் அவன் குரலை உயர்த்தியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது காதைப் பிடித்துக்கொள்வான்.

வீட்டுக்கு வந்து, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முக்காலியில் உம்மென்று உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மனைவி மாடியிலிருந்து வேகமாக இறங்கி வந்தாள்.

"மெஷின் முடிஞ்சு அஞ்சு நிமிஷமா கத்துது. பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, எந்திரிச்சு நிறுத்தினா என்ன?"

"கத்துதா?"

"கத்துதாவா? இப்பவும் கத்திட்டுதானே இருக்கு."

அவன் இயந்திரத்தைப் பார்த்தான். ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. விளக்கு எரியும்போதெல்லாம் மனைவியின் புருவம் சுருங்கியது. அவன் காதில் பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் விழும் சத்தமும் தெருவில் லாரி போகும் சத்தமும் விழுந்தன. இந்த இயந்திரத்திடமிருந்து ஒன்றுமே வரவில்லை. கையை அதன் மூடிமேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

மனைவி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனையோ வருஷமாக, "உங்களுக்கு வேண்டியது மட்டும்தான் கேக்கும், நடிக்காதீங்க" என்று திட்டிக்கொண்டிருந்தவள்.

"அப்ப நீங்க நடிக்கலையா?" என்றாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு முன்னால், எப்படி முகத்தில் விழிப்பது என்று தெரியாமல் அண்ணி வீட்டு வாசலில் நின்றான். கதவு திறந்துதான் இருந்தது. மேசைமேல் ஆம்ப் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மூன்று உறைகளும் பிரிந்து கிடந்தன. மூன்று வருஷத்தில் கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் அண்ணி உறையிலிருந்து எடுத்து, அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டிருந்தார். புது இரண்டு குமிழ்கள் மட்டும் அப்படியே இருந்தன. நடுவில் அவர் வைத்த குட்டிக் கேபாசிட்டர்களெல்லாம் ஒரு புது உறைக்காகக் காத்துக் கிடந்தன.

"அண்ணி, நேத்து..."

"நீ சும்மா இரு. நான்தான் பேசணும்" என்றார் அண்ணி. "மூணு தடவை வந்தே. மூணு தடவையும் ஆம்ப்பைச் சோதிச்சேன். மீட்டர்ல ஒரு குறையும் காட்டல. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். நீ சொன்னதை எழுதி எழுதி ஒட்டினேனே தவிர, சொல்ற ஆளை நிமிர்ந்து பாக்கல. உன் காதுக்காகன்னு நெனச்சு ஊர்க்காதையெல்லாம் கிழிச்சிருக்கேன். தப்பு என்னோடது."

கம்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேற்று வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போனவன் அவன். மன்னிப்புக் கேட்கிறவர் அண்ணி. அவன் மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆபத்தை மோப்பம் பிடித்தவர் போல உடனே உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை அண்ணியே அவனைக் காது மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்த பெண் ஒரு தாளில் வரைபடம் போட்டுக் கொடுத்தாள். கோடு பாதி தூரம் நேராகப் போய், பிறகு சரிவில் இறங்கியிருந்தது. நீண்ட நாள் இரைச்சலில் வேலை பார்த்ததால் வந்தது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இருப்பதும் போகும் என்றாள்.

அண்ணி அந்தத் தாளைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "டோன் திருகைக் குறைச்சு வச்சா ஸ்கோப்புல இதே கோடுதான் வரும்" என்றார். "உன் அச்சு மெஷின் இருபத்தஞ்சு வருஷமா உனக்குள்ள ஒரு திருகைத் திருப்பிட்டே இருந்திருக்கு."

"அதை மறுபடி ஏத்த முடியாதா அண்ணி?"

"அங்க கை வைக்க எனக்குத் தெரியாது. ஆம்ப்புல வைக்கலாம். ஆனா இந்தத் தடவை முதுகுப் பக்கத்துல வைப்போம், முன்பக்கத்துல வேண்டாம்."

அன்றைக்கும் மறுநாளும் அண்ணி மற்ற வாடிக்கையாளர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். ஆம்ப்பின் பின்பக்கம் ஒரு துளை போட்டு, உள்ளே வரும் ஒலியில் ஒரு துளியை மட்டும் வெளியே எடுத்து, ஒரு வயர் வழியாக ஒரு சின்னப் பெட்டிக்குக் கொண்டுபோனார். அதில் வால்வு கிடையாது. ஒரு குட்டி சர்க்யூட், உள்ளங்கை அகல ஸ்பீக்கர், தனியாக ஒரு கெய்ன், தனியாக ஒரு டோன். மருத்துவமனைத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோடு எங்கே சரிகிறதோ அங்கே மட்டும் ஒலியைக் கொஞ்சம் தூக்கிவிட்டார். மொத்தச் சத்தம் ஓர் அளவுக்குமேல் ஏறாதபடி உள்ளேயே கட்டிப் போட்டுவிட்டார். இரண்டு குமிழையும் எங்கே வைக்க வேண்டும் என்று வெள்ளை மையால் புள்ளி வைத்தார்.

"இது உன் காலடியில, உன்னைப் பாத்து இருக்கும். இது உனக்கு மட்டும். ஆம்ப் முன்னாடி இருக்கிற திருகெல்லாம் ஊருக்கு. அதை நீ தொடக்கூடாது."

"அப்ப யாரு தொடுறது?"

"யாருக்குக் கேக்குதோ அவங்க."

கிட்டார்காரனிடம் டோன் குமிழைத் தொடாதே என்று சொல்வது என்னவென்று கிட்டார்காரர்களுக்குத்தான் தெரியும். தன் சத்தம் எப்படி இருக்கிறது என்று இன்னொருத்தர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பிக்கு அது முள்ளாகத்தான் குத்தியது. ஆனால் சனிக்கிழமை கிளம்பும்போது அண்ணி புடவையை மாற்றிக்கொண்டு, கைப்பையோடு வாசலில் நின்றார். "நானும் வரேன். கூட்டம் கொஞ்சமாத்தானே இருக்கும்?" என்றார். கூட்டம் என்றாலே வியர்த்துப்போகிற அண்ணி.

நடனக்கூடத்தில் ஆட்கள் வருவதற்கு முன்னால் கம்பி மேடையில் பெட்டிகளை வைத்தான். பாடகி இறுக்கமான முகத்தோடு மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எனக்கு மேல் சத்தம் கேக்கறதில்லையாம். டாக்டர் சொல்லிட்டாங்க. இத்தனை நாள் அதான் கூட்டிக் கூட்டி வச்சிருக்கேன். இந்த ரெண்டு திருகையும் நீங்களே வச்சுக் குடுங்க. நான் தொட மாட்டேன்."

டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்தார். பாடகி மைக்கை விட்டுவிட்டு வந்தாள். அவன் தோளைத் தொட்டாள். "நீங்க என்னை அமுக்கணும்னே பண்றீங்கன்னு நெனச்சேன் கம்பி. ரெண்டு வருஷமா மனசுக்குள்ள உங்களைத் திட்டிட்டு இருந்தேன்."

"நானும்தான் உங்களைத் திட்டிட்டு இருந்தேன். ஒரு வாரம்தான்."

பாடகி சிரித்துவிட்டாள். குனிந்து டோன் குமிழைத் திருகினாள், அவன் வாசித்தான், இன்னும் திருகினாள். ஓரிடத்தில் அவள் முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் போய்விட்டது. கம்பிக்கு ஆம்ப்பிலிருந்து வந்தது கம்பளிக்குள் வாசிக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் காலடியில் இருந்த குட்டிப் பெட்டியில் கம்பிகளின் நுனி ஒலி, விரல் வழுக்கும் சின்னக் கீச்சு, எல்லாம் வந்தது. அந்தக் கீச்சைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்றென்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. குனிந்த தலையை முதல் பாட்டு முடிகிறவரை அவன் நிமிர்த்தவில்லை.

நிமிர்ந்தபோது, முதல் வரிசையில் அந்தக் காலி நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். ஆம்ப்புக்கு நேர் எதிரே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர் போல. இரண்டாவது பாட்டில் எழுந்து போகவில்லை. பத்தாவது பாட்டிலும் போகவில்லை. நடுவில் ஒரு வயதான தம்பதி வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எட்டு மணிவரை அவர்களும் இடம் மாறவில்லை. கம்பி அன்று வாசித்தது போல அதற்குமுன் வாசித்ததில்லை என்று டிரம்ஸ்காரர் சொல்கிறார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர்தான், ஆனால் அன்றைக்குச் சொன்னது நிஜம்.

வெளியே வந்ததும் அவன், "அண்ணி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றான்.

"சொல்லாதே. ஆம்ப்பைத் தூக்கு, பஸ் போயிடும்" என்றார் அண்ணி.

அண்ணி அப்படித்தான். புகாரைக் கேட்பார், எழுதுவார், ஒட்டுவார். நன்றி என்று ஆரம்பித்தால் பேச்சை வெட்டிவிடுவார். நாற்பது வருஷமாக அவர் ஒட்டிய உறைகளில் புகாருக்கு மட்டும்தான் இடம் இருந்தது. கம்பி அன்றிரவு வீட்டுக்கு வந்து ஆம்ப்பின் பின்பலகையைக் கழற்றினான். மூன்று பழைய உறைகளும், இப்போது காலியாக, வரிசையில் ஒட்டியிருந்தன. நான்காவதில் குட்டிக் கேபாசிட்டர்கள் இருந்தன. மேலே தேதி. புகார்: 'இன்னும் ஆன் பண்ணலையா அண்ணி?' அவன் அதை மெல்லப் பிய்த்தெடுத்து, பின்பக்கம் பேனாவால் எழுதி, எழுத்து உள்ளே மறையும்படி மறுபடி ஒட்டிவிட்டான்.

எட்டு மாதம் போயிற்று. அதற்குள் அவன் காதில் பட்டாணி அளவில் ஒரு கருவி வந்துவிட்டது. அச்சகத்தில் அவனும், அவன் தொல்லை தாங்காமல் மற்ற ஏழு பேரும் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். "கம்பி எண்ணப் போறியா" என்று யாராவது கேட்டால் மூடியைக் கழற்றிவிட்டு, "என்ன?" என்று இரண்டு தடவை கேட்க வைக்கிறான். இருபத்திரண்டு வருஷத்துக்குச் சேர்த்து.

ஒருநாள் ஆம்ப்பில் ஒரு வால்வு போய்விட்டது. அண்ணியின் மேசைக்கு எடுத்துக்கொண்டு போனான். அண்ணி பின்பலகையைக் கழற்றினார், தேங்கிய மின்சாரத்தை வடித்தார், மீட்டரை வைத்துப் பார்த்தார். எதைக் கழற்றினாலும் முதலில் பழைய உறைகளைப் படிப்பது அவர் வழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதன் ஓரம் வேறு மாதிரி ஒட்டியிருப்பது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. பிரித்துத் திருப்பினார்.

கம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'நீங்க சொல்லலேன்னா அந்த மேடையை விட்டுப் போயிருப்பேன். ஏன் போனேன்னு சாகுற வரைக்கும் தெரிஞ்சிருக்காது. எல்லாரையும் திட்டிட்டே இருந்திருப்பேன்.'

அண்ணி அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். மேசை இழுப்பறையிலிருந்து புது டேப் எடுத்து, நான்கு ஓரத்தையும் அழுத்தி, உறையை அது இருந்த இடத்திலேயே ஒட்டினார். இந்தத் தடவை அவன் எழுதிய பக்கம் வெளியே தெரிந்தது.

பிறகு இழுப்பறையிலிருந்து இன்னொரு புது உறையை எடுத்து, தேதி போட்டு, அவனைப் பார்த்தார்.

"சரி சொல்லு தம்பி, இப்ப என்ன புகார்?"